மூன்றாவது பொட்டலம்

என் மகள் எந்த நுழைவுத் தேர்வை எழுத வேண்டும் என்பதை ஒரு நான்கு வயதுக் குழந்தை முடிவு செய்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. குழந்தை மேல் கோபமில்லை. அதற்கு என்ன தெரியும், பொட்டலத்தை எடு என்றார்கள், எடுத்தது. பொட்டலம் கட்டச் சொன்னவர்கள் மேல்தான் கோபம். கட்டும்போது வாயைப் பொத்திக்கொண்டு தூண் ஓரமாக நின்ற ஒருத்தி மேல் அதைவிடக் கோபம். அந்த ஒருத்தி நான்தான்.

அரிமளத்தில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், பட்டா நகல், சாதிச் சான்றுக்கு மனு என்று வருடம் முழுக்க ஏதாவது ஓடும். தை பிறந்துவிட்டால் ப்ளஸ் டூ பிள்ளைகள் வர ஆரம்பித்துவிடுவார்கள். நீட், ஜேஇஇ, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு ஒன்று, கட்டடக் கலைக்கு நாட்டா, சட்டத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு அளவில் போட்டோ, ஒரு அளவில் கையெழுத்து. ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், மார்க் ஷீட்டில் பின்னால் இருக்கும். அதைச் சரி செய்வதற்குள் பெற்றவர்களுக்கும் எனக்கும் நாக்குத் தள்ளிவிடும்.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் அப்பாக்களிடம் எந்தப் பரீட்சைக்குப் போட வேண்டும் என்று கேட்டால், "எல்லாரும் எதுக்குப் போடறாங்களோ அதுக்கே போட்டுவிடுங்க" என்பார்கள். டீக்கடையில் அவருக்குப் போட்டதையே எனக்கும் போடு என்பதைப் போலத்தான். பிள்ளை பக்கத்தில்தான் நிற்கும், அதை ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நான் விடமாட்டேன். "நீ சொல்லு, ஒனக்கு எது வேணும்?" என்று பிள்ளையிடம் கேட்பேன். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒத்துவரவில்லை என்றால், "ரெண்டுக்கும் போடலாங்க. ஒண்ணு எழுதுனா இன்னொண்ணு ஓடிப் போயிறாது" என்பேன். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஊருக்கு உபதேசம் என்பார்களே, அது.

இன்னொரு வழக்கமும் கடையில் உண்டு. எல்லாம் நிரப்பி முடித்துக் கடைசிப் பொத்தானை அமுக்கும் நேரத்தில், "நீங்களே அமுக்கிருங்க, ஒங்க கை ராசியான கை" என்பார்கள். எப்போதோ ஒரு பெண்ணுக்கு நான் அமுக்கி மெடிக்கல் சீட் கிடைத்துவிட்டதாம். அந்தப் பெண் இரண்டு வருடம் ராப்பகலாகப் படித்தது கணக்கில் வரவில்லை, என் விரல்தான் கணக்கில் வந்தது. முதலில் சிரித்துக்கொண்டே அமுக்குவேன். பிறகு எரிச்சல் வந்துவிட்டது. இப்போதெல்லாம் பிள்ளைகளைத்தான் அமுக்கச் சொல்கிறேன்.

என் கணவர் குவைத்தில் லாரி ஓட்டுகிறார். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வருவார். அவர் இல்லாத வீட்டில் முடிவு எல்லாம் அவருடைய அண்ணனுடையது. கீரமங்கலத்தில் பூ கமிஷன் மண்டி வைத்திருக்கிறார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆபத்து என்றால் முதலில் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறவர் அவர்தான். ஆனால் எதையும் தானே செய்துவிடுவார். எங்கள் வீட்டுக்கு பிளான் போட்டதே அவர்தான், ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில். அந்த பிளானில் அடுப்படிக்கு வெளிச்சம் வர வழியே இல்லை. எட்டு வருடம் மத்தியானத்திலும் ட்யூப் லைட் போட்டுக்கொண்டுதான் நான் சமைத்தேன்.

என் மகள் பத்தாவது படிக்கும்போது அந்த அடுப்படியை டேப் பிடித்து அளந்து நோட்டில் வரைந்தாள். அலமாரியை மேற்கே நகர்த்திவிட்டு, கிழக்குச் சுவரில் எந்த உயரத்தில் எவ்வளவு அகலத்துக்கு ஜன்னல் வைத்தால் எத்தனை மணி வரை வெயில் வரும் என்று எழுதிக் கொடுத்தாள். கொத்தனார் அதை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "யாருங்க போட்டுக் குடுத்தது? இஞ்சினியரா?" என்றார். உடைத்து வைத்தோம். இன்றைக்குக் காலையில்கூட அந்த வெளிச்சத்தில்தான் அரிசி களைந்தேன். அதனால் அவள் கட்டடக் கலை படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது எனக்கு யாருடைய சிபாரிசும் தேவைப்படவில்லை.

அவள் படித்தது அரசுப் பள்ளியில், உயிரியலும் கணக்கும் சேர்ந்த குரூப். அதாவது நீட்டும் எழுதலாம், நாட்டாவும் எழுதலாம். வந்தது வினை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் தனி ஒதுக்கீடு இருப்பதை யாரோ மண்டியில் வைத்து மாமாவின் காதில் போட்டுவிட்டார்கள். அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"நம்ம குடும்பத்துல ஒரு டாக்டர் வேணாமா? அது என்ன நாட்டா, தாட்டான்னுக்கிட்டு? வீட்டுக்கு பிளான் போடுறதுக்கு ஒரு படிப்பா? நான் போடலயா?"

போட்டீங்களே, அதான் எட்டு வருசம் இருட்டுல கெடந்தேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. காபி ஆற்றிக் கொடுத்தேன்.

மகள் மெதுவாகச் சொன்னாள். "பெரியப்பா, ரெண்டும் எழுதுறேன். நீட்டும் எழுதுறேன்."

"ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு காலா? ஆகாது. ஒண்ணப் புடிச்சா ஒண்ணுதான். சாமிகிட்டயே கேட்டுருவோம். அது சொல்லட்டும்."

பூ வியாபாரிக்கு எல்லாக் கேள்விக்கும் பூதான் பதில். எங்கள் குலதெய்வக் கோயில் குன்றாண்டார்கோவில் பக்கம். கல்யாணமோ, போர் போடுவதோ, வெளிநாடு போவதோ, எதுவானாலும் அங்கே பூக் கட்டிப் பார்ப்பார்கள். இலைத் துண்டில் ஒன்றில் சிவப்புப் பூ, ஒன்றில் வெள்ளைப் பூ வைத்து, வெளியே தெரியாமல் ஒரே அளவாக மடித்துக் கட்டிச் சாமி காலடியில் போடுவார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்று எடுத்துக் கொடுக்கும். வந்த பூ எதுவோ அதுதான் சாமியின் உத்தரவு. உத்தரவை மீறினால் சாமி குத்தம். மாமாவின் சித்தப்பா ஒருத்தர் மீறிப் போர் போட்டாராம், தண்ணீர் வரவில்லையாம். இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. எங்கள் பக்கம் போர் போட்டுத் தண்ணீர் வராதவர்கள் எத்தனையோ பேர். அவர்களெல்லாம் எந்தச் சாமியை மீறினார்கள்?

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை வேன் பிடித்துப் போனோம். பூ மாமாவின் மண்டியிலிருந்தே வந்தது. செவ்வரளி என்றால் நீட், வெள்ளரளி என்றால் நாட்டா. பூசாரி கட்டினார். ஆண்கள் முன்னால் நின்றார்கள். நாங்கள் தூண் பக்கம் நின்றோம். என் நாத்தனாரின் பேத்தி போய் ஒரு பொட்டலத்தை எடுத்தது. பிரித்தார்கள், சிவப்பு. மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதேவிட்டார். என் மகளைப் பார்த்தேன். அவள் கும்பிட்ட கையை எடுக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடையில் அவ்வளவு பேசுகிற நான் அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் என்று என்னையே பல தடவை கேட்டுவிட்டேன். புருஷன் இல்லாத இடத்தில் அவருடைய அண்ணனை எதிர்த்துப் பேசக் கூடாது என்று யாரும் எனக்குச் சட்டம் போடவில்லை. பேசிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் போட வேண்டும்.

கணவருக்கு வீடியோ காலில் சொன்னேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம், லாரிக்குள் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன் சாமிகிட்ட கேட்டுத்தான செஞ்சிருக்காரு. விடு."

"புள்ளகிட்ட யாரு கேட்டாக?"

"சிக்னல் சரியில்ல" என்றார். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, அவர் கையில் இருந்த ரொட்டி வரை தெரிந்தது.

மகள் மறுபேச்சுப் பேசாமல் நீட்டுக்குப் படித்தாள். பொதுத் தேர்வு முடிந்ததும் புதுக்கோட்டைக்குப் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்தாள். தவளையும் தாவரமும் அவளுக்குப் பிடிக்காது என்றில்லை, நல்ல மார்க்தான் வாங்குவாள். ஆனால் வரைகிற நோட்டை அலமாரி மேல் தூக்கிப் போட்டுவிட்டாள். நாட்டாவை அந்த வருடம் மூன்று தடவை வரை எழுதலாம், அதில் அதிக மார்க்கை எடுத்துக்கொள்வார்கள். முதல் சுற்று போனது. நான் என் கடையில் உட்கார்ந்து மற்ற பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வகுப்பு இல்லை என்று மகள் கடைக்கு வந்து பிரிண்டர் பக்கம் உட்கார்ந்திருந்தாள். திருமயம் பக்கத்துப் பெண் ஒருத்தி ஹால் டிக்கெட் எடுக்க வந்தாள். நாட்டா இரண்டாவது சுற்றுக்கான ஹால் டிக்கெட். பிரிண்டரிலிருந்து வந்த தாளை என் மகள் எடுத்தாள். எடுத்தவள் கொடுக்கவில்லை. அதில் இருந்த பெயரை, போட்டோவை, தேர்வு மையத்தை, என்ன பென்சில் கொண்டுவர வேண்டும் என்பது வரைக்கும் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அந்தப் பெண், "அக்கா, தப்பா வந்திருச்சா?" என்று பயந்துபோய்க் கேட்டது. "இல்ல, சரியா இருக்கு. ஆல் தி பெஸ்ட்" என்று கொடுத்தாள். பிறகு பிரிண்டரில் பேப்பர் இருக்கும்போதே புதுக் கட்டைப் பிரித்து வைக்க ஆரம்பித்தாள்.

அந்தப் பெண் படியிறங்கியதும் நான் கேட்டேன். "இன்னும் கடைசிச் சுத்து இருக்கு. போட்டுருவமா?"

"வேணாம்மா."

"ஏன்? ஆசை விட்டுப் போச்சா?"

"ஆசைக்கு என்ன. அப்பா அங்க லாரி ஓட்டுறாங்க. நான் எழுதி, அங்க அப்பாவுக்கு ஏதாவது ஆயிருச்சுன்னா எல்லாரும் என்னயத்தான சொல்லுவாங்க?"

எனக்கு அப்படியே கல்லாவைத் தூக்கி ரோட்டில் வீச வேண்டும்போல் இருந்தது. பதினேழு வயதுப் பிள்ளை, எங்கோ பாலைவனத்தில் ஓடுகிற லாரியின் பிரேக்கைத் தன் பென்சிலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. யார் கட்டிவிட்டது? பெரியப்பாவா, அப்பாவா, பூசாரியா? எல்லாரும் சேர்ந்துதான், நானும் கூடத்தான். அவளுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்தோம் என்று நினைத்தோம், பயத்தைத்தான் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. புதுக்கோட்டை போய் அங்கிருந்து பஸ் மாறி, இறங்கி வெயிலில் நடந்து கோயிலுக்குப் போனேன். பூசாரிக்கு என் வயதுதான் இருக்கும். கோயில் வேலை போக மற்ற நேரத்தில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து கதவைத் திறந்தார்.

"என்னங்க, தனியா வந்திருக்கீங்க?"

"மாசியில எம்மகளுக்குப் பூக் கட்டிப் பாத்தோமே. ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க, டாக்டர் பரீட்சை. எழுதிருச்சா பாப்பா?"

"எழுதத்தான் போறா. ஆனா இன்னொரு பரீட்சையும் எழுத வைக்கப் போறேன். சாமி குத்தம்னு யாராவது சொன்னா..."  

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "குத்தம் எங்கிட்டுங்க வந்துச்சு? இதா அதான்னு கேட்டாக, ரெண்டு கட்டச் சொன்னாக, கட்டுனேன். பொட்டலம் எத்தனைன்னு சாமியா சொல்லுது? கேக்குறவுக சொல்றதுதான். ரெண்டும் எழுதலாமான்னு இன்னொரு பொட்டலம் சேத்துக் கட்டச் சொல்லியிருந்தா மூணாக் கட்டியிருப்பேன். எலைக்கா பஞ்சம்?" கோயில் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "நீங்களும் தூணுகிட்டதான நின்னீங்க. ஒரு வார்த்த சொல்லலயே."

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் குத்திக் காட்டவில்லை, நடந்ததைச் சொன்னார். அதுதான் சுட்டது. ஊரில் இருக்கிற அப்பாக்களுக்கெல்லாம் ரெண்டுக்கும் போடலாங்க என்று சொன்னவள் நான். மூன்றாவது பொட்டலம் என் வாயில்தான் இருந்தது.

"இப்ப வேணா மூணு கட்டிப் பாப்பமா?" என்றார்.

"வேணாங்க. கேக்க வரல. சொல்லிட்டுப் போக வந்தேன்."

சாமிக்கு முன்னால் போய் நின்றேன். தூண் பக்கம் இல்லை, மாமா நிற்கிற இடத்தில். சத்தமாகவே சொன்னேன். "எம்மக அந்தப் பரீட்சைய எழுதப் போறா. குத்தம்னு நெனச்சா எனக்குக் குடு. அவளுக்கு வேணாம், அவுக அப்பாவுக்கும் வேணாம். நான் அரிமளத்துலதான் இருக்கேன், எங்கயும் ஓடிற மாட்டேன்." பூசாரி விபூதி கொடுத்தார்.

வந்து மகளிடம் நடந்ததைச் சொன்னேன், பூசாரி சொன்னது ஒரு வார்த்தை விடாமல்.  அவள் எழுந்து அலமாரி மேலிருந்து நோட்டை எடுத்துத் தூசி தட்டினாள். விண்ணப்பத்தை நிரப்பினோம். கடைசிப் பொத்தானுக்கு வந்ததும், "நீயே அமுக்கும்மா" என்றாள். மவுஸை அவள் பக்கம் தள்ளினேன். விண்ணப்பத்தை மேலிருந்து இன்னொரு தடவை படித்தாள். நான் உதவிக்குப் போகவில்லை. அமுக்கினாள்.

சித்திரை முடிவதற்குள் நீட் எழுதினாள், சீட் வருகிற அளவுக்கு மார்க் வரவில்லை. ஆனியில் நாட்டா எழுதினாள். மூன்று தடவை எழுத வேண்டியதை ஒரே தடவை, முன்பின் பழக்கமில்லாமல், ஒன்றரை மாதம் படித்து எழுதினாள். தேறிவிட்டாள். ஆனால் அவள் ஆசைப்பட்ட அரசுக் கல்லூரிக்குக் கொஞ்சம் மார்க் பத்தவில்லை. இன்னொரு தடவை எழுதியிருந்தால் கிடைத்திருக்கும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திருச்சிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் படிக்கிறாள். கெட்டிக்காரி, எங்கே போட்டாலும் முளைத்துவிடுவாள். அதற்காகக் கண்ட இடத்தில் போடலாமா? என் கணவர் இன்னும் லாரி ஓட்டுகிறார். அவருக்கு இதுவரை ஒரு கீறல் கிடையாது.

விஷயம் தெரிந்ததும் மாமா போனில் கத்தினார். "சாமி உத்தரவ மீறிட்டியே!" என்றார். "சாமிகிட்டச் சொல்லிட்டுத்தான் செஞ்சேன் மாமா" என்றேன். போனை வைத்துவிட்டார். ஒரு வருடத்துக்கு மேல் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

போன தை மாதம், காலை நேரம், கடை வாசலில் அவருடைய வண்டி வந்து நின்றது. கூட அவர் மகன், ப்ளஸ் டூ. ஒன்றுமே நடக்காததைப் போல உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"தம்பிக்கு அப்ளிகேஷன் போடணும்மா. நீட்டுக்கும் போட்டுரு, ஜேஇஇக்கும் போட்டுரு. இன்னும் என்னென்ன இருக்கோ எல்லாத்துக்கும் போட்டுரு."

என் கை விசைப்பலகையில் அப்படியே நின்றது. "கோயில்ல பூக் கட்டிப் பாத்தீகளா, மாமா?"

"அட நீ வேற!" சிரித்தார். கபடில்லாத சிரிப்பு. அதனால்தான் தாங்கவில்லை. "ஆம்பளப் புள்ள, எது கெடைக்குதோ அதுக்குப் போவட்டும். இவனுக்கு எதுக்கும்மா பூவு?"

பையன் மேல் எனக்கு என்ன கோபம்? எல்லாவற்றுக்கும் போட்டேன். பெயர், இனிஷியல், போட்டோ எல்லாவற்றையும் ஒரு பிழை இல்லாமல் போட்டேன். கடைசிப் பொத்தான் வந்ததும் மாமா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீயே அமுக்கும்மா. ஒன் கை ராசியான கை."

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"ராசியான கையா இருந்தா எம்மக மூணு தடவ எழுதியிருப்பா, மாமா. ஒங்க மகனையே அமுக்கச் சொல்லுங்க."